போர்முனையில் வாக்குப்பெட்டி



போர் என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழ்ப் புலமை நெஞ்சில் முதலில் எழுவது களக்காட்சி. வெட்சி முதலாகப் போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் திணை வகுத்து, திணைக்குத் துறை வகுத்து வைத்த இலக்கணம் தமிழின் இலக்கணம். நிரை கவர்தலுக்குத் துறை உண்டு. மதில் முற்றுதலுக்கு உண்டு. மாண்டவனுக்காக இரங்கும் கையறுநிலை உண்டு. பேய்கள் கூழடும் களத்தைப் பாடப் பரணி என்றொரு தனி இலக்கியமே உண்டு. ஒரே ஒரு துறைதான் இல்லை. பகைவன் படை தலைநகரை நெருங்கி நிற்கும்போது, "நானே தொடர்ந்து ஆளட்டுமா, வேறொருவன் வரட்டுமா?" என்று வேந்தன் தன் குடிகளைக் கேட்கும் துறை. இதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. அப்படிக் கேட்ட வேந்தன் எந்த நாட்டிலும் இருந்ததில்லை. இல்லாத பொருளுக்கு இலக்கணம் எழாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் அது ஒருமுறை நிகழ்ந்தது. 1864ஆம் ஆண்டின் அந்த நிகழ்ச்சியும், அதற்காகப் பொறுத்தவர் யார், இழந்தவர் யார் என்னும் கேள்வியுமே இவ்வுரையின் பொருள்.

1861 ஏப்ரல் 12ஆம் நாள் சம்டர் கோட்டையின்மீது பீரங்கிகள் முழங்கின. அன்று தொடங்கிய உள்நாட்டுப் போர் நான்காண்டுகள் நீடித்தது. மாண்டோர் தொகை 6,20,000 என்று நெடுங்காலம் கணக்கிடப்பட்டு வந்தது. மக்கள்தொகைக் கணக்கை மீண்டும் ஆராய்ந்த பிற்கால ஆய்வொன்று அதை 7,50,000 அளவுக்கு உயர்த்தியுள்ளது. அப்பொழுது அந்நாட்டின் மக்கள்தொகை மூன்று கோடியைச் சற்றே தாண்டியது. அவர்களுள் ஏறத்தாழ 40 லட்சம் பேர் அடிமைகள். ஆபிரகாம் லிங்கன் 1860 தேர்தலில் பெற்றதோ மக்கள் வாக்கில் நூற்றுக்கு நாற்பதுக்கும் குறைவு. தோற்றவர்கள் தேர்தல் முடிவை ஏற்க மறுத்து நாட்டைவிட்டே விலகினர். ஆகவே அந்தப் போரின் வேரிலேயே இரண்டு பொருள்கள் பின்னிக் கிடந்தன: ஒன்று அடிமைமுறை, மற்றொன்று, வாக்கெடுப்பில் தோற்றவன் துப்பாக்கியிடம் மேல்முறையீடு செய்யலாமா என்பது. 1861 ஜூலை 4ஆம் நாள் நாடாளுமன்றத்துக்கு விடுத்த செய்தியில் லிங்கன் எழுப்பிய ஐயமும் இதுவே. தன் மக்களின் உரிமையை நசுக்கும் அளவுக்கு வலிமை பெற்றாக வேண்டும், இல்லையேல் தன்னையே காத்துக்கொள்ள இயலாத அளவுக்கு நலிந்தாக வேண்டும் என்பதுதான் எல்லாக் குடியரசுகளின் தலையெழுத்தா என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை அச்செய்தியில் இல்லை. மூன்றாண்டுகள் கழித்தே அது சோதனைக்கு வந்தது.

1864 கோடை வடபுலத்தாருக்கு மிகக் கொடியது. வர்ஜீனியாவில் கிராண்ட் நடத்திய படையெடுப்பில் மே, ஜூன் இரு மாதங்களில் மட்டும் கொல்லப்பட்டோரும் காயமுற்றோரும் காணாமற் போனோருமாக ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அழிவுக் கணக்கில் சேர்ந்தனர். ஜூலையில் தென்புலப் படை தலைநகர் வாஷிங்டனின் எல்லைக் காவற்கோட்டை வரை வந்துவிட்டது. ஸ்டீவன்ஸ் கோட்டையின் அரண்மீது நின்று பார்த்த லிங்கனைச் சுற்றியே குண்டுகள் பறந்தன. அதே மாதம் 18ஆம் நாள் மேலும் ஐந்து லட்சம் வீரர் வேண்டும் என்று அவர் அழைப்பு விடுத்தார். தேர்தலுக்கு நான்கு மாதங்கூட இல்லாத நேரத்தில், வாக்களிக்க வேண்டியவர்களிடம் அவர்களுடைய பிள்ளைகளைக் கேட்கும் அழைப்பு அது. தேர்தல் தந்திரம் அறிந்த எவரும் அதை நவம்பருக்குப் பின் வைத்துக்கொள்ளலாம் என்றே சொல்லியிருப்பர்.

ஆகஸ்டு 23ஆம் நாள் அமைச்சரவை கூடியபோது லிங்கன் மடித்து ஒட்டிய தாளொன்றை நீட்டி, உள்ளே எழுதியிருப்பதைக் காட்டாமலேயே, அதன் புறத்தே ஒவ்வோர் அமைச்சரும் கையொப்பமிடுமாறு கேட்டார். அவர்களும் இட்டனர். தாம் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படுவது அரிது என்றும், அவ்வாறாயின் புதியவர் பதவியேற்கும் நாள் வரை அவரோடு ஒத்துழைத்து நாட்டைப் பிரியாமல் காப்பது தம் கடமை என்றும், பதவியேற்ற பின் அவரால் அது இயலாது என்றும் அதில் எழுதியிருந்தார். தோல்வியை எதிர்பார்த்த ஒருவர் தோல்விக்குப் பின் தாம் நடந்துகொள்ள வேண்டிய முறையை முன்கூட்டியே எழுதித் தம்மையே கட்டுப்படுத்திக்கொண்ட ஆவணம் அது. பொறை என்றால் பிறர் இழைத்ததைத் தாங்குதல் என்றே பெரிதும் பொருள் கொள்ளப்படுகிறது. அதிகாரம் கையில் இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் இருக்கும் பொறை வேறு வகை; அரிய வகை.

தேர்தலைத் தள்ளிவைக்கலாம் என்ற பேச்சு எழாமல் இல்லை. அப்படிச் செய்திருந்தால் வியப்படைந்தவர் சிலராகவே இருந்திருப்பர். 1864 நவம்பர் 8ஆம் நாள் தேர்தல் குறித்தபடி நடந்தது. இரு நாள் கழித்துத் தம் மாளிகைமுன் திரண்டவர்களிடம் பேசிய லிங்கன், தேர்தல் இல்லாமல் சுதந்திர ஆட்சி இல்லை என்றும், கலகம் ஒரு பொதுத் தேர்தலைக் கைவிடவோ ஒத்திவைக்கவோ செய்திருந்தால் அப்பொழுதே அது வென்றுவிட்டதாக உரிமை கொண்டாடியிருக்கும் என்றும் கூறினார். வெற்றி பெற்றவரின் வாயிலிருந்து வந்த சொல் என்று இதை ஒதுக்க இயலாது. அந்த மடித்த தாள் சாட்சி.

இவ்வளவும் சொன்ன நாக்கு மற்றதையும் சொல்ல வேண்டும். இதே லிங்கன் 1861 ஏப்ரலிலேயே ஆட்கொணர்வு உரிமையை நிறுத்தி வைத்தார். அது நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உரிய அதிகாரம் என்று மெரிமன் வழக்கில் தலைமை நீதிபதி டானி எழுதிய தீர்ப்பை அவர் பொருட்படுத்தவில்லை. 1863 மே மாதம், போரை எதிர்த்துப் பேசிய குற்றத்துக்காக ஓகையோ மாநில அரசியல்வாதி வலாண்டிகம் இரவில் வீட்டுக் கதவை உடைத்துக் கைது செய்யப்பட்டு, இராணுவ மன்றத்தால் தண்டிக்கப்பட்டார். லிங்கன் தண்டனையை நாடுகடத்தலாக மாற்றினாரே தவிரக் கைது தவறு என்று சொல்லவில்லை. அடுத்த மாதம் தளபதி பர்ன்சைட் 'சிகாகோ டைம்ஸ்' நாளிதழை மூடினார். அந்த ஆணையை லிங்கன் சில நாளிலேயே திரும்பப் பெறச் செய்தார். நாடுகடத்தப்பட்ட வலாண்டிகம் கனடாவில் இருந்தபடியே ஓகையோ ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டு ஏறத்தாழ ஒரு லட்சம் வாக்கில் தோற்றார் என்பது இக்கதையின் விந்தை; போட்டியிட அவரை யாரும் தடுக்கவில்லை. குடிமை நீதிமன்றங்கள் இயங்கும் இடத்தில் குடிமக்களை இராணுவ மன்றம் விசாரிக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் மில்லிகன் வழக்கில் தீர்ப்பளித்தது 1866இல், போர் ஓய்ந்த பிறகு. தீர்ப்பை எழுதியவர் லிங்கனே நியமித்த அவருடைய நெடுநாள் நண்பர் டேவிட் டேவிஸ். போரின் நெருக்கடியில் உரிமைகளைச் சுருக்குவோர் எல்லாம் இன்றும் லிங்கனைச் சான்று காட்டுகின்றனர். அவர்கள் தேர்தலை நடத்திய லிங்கனையும் சேர்த்துக் காட்டுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

தியாகம் என்ற சொல்லும் அவ்வாறே நுணுகிப் பார்க்கத் தக்கது. 1863 மார்ச்சில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் வந்தது. 300 டாலர் கட்டினால் விலக்குப் பெறலாம் என்பது அதன் விதி. ஒரு கூலித் தொழிலாளியின் ஓராண்டு வருவாயை நெருங்கும் தொகை அது. பணமுடையவன் தன் உயிருக்கு விலை கொடுத்து மீண்டான். இல்லாதவன் உயிரையே கொடுத்தான். ஜூலையில் நியூயார்க் நகரம் பற்றி எரிந்தது. நான்கு நாள் நடந்த கலவரத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கலகக்காரர்களின் சினம் பணக்காரரிடம் போய்ச் சேரவில்லை. அது கறுப்பின மக்கள்மீது பாய்ந்தது. கறுப்பினக் குழந்தைகளின் அநாதை விடுதியொன்று தீக்கிரையானது. ஏழையின் சினம் தன்னிலும் ஏழையைத் தேடிச் செல்வது எந்த நாட்டுக்கும் புதிதன்று.

அந்தக் கலவரம் அடங்கிய இரண்டே நாளில், ஜூலை 18 அன்று, தென் கரோலினாவின் கடற்கரையில் வாக்னர் கோட்டையைத் தாக்க முன்னணியில் நின்றது மாசசூசெட்சின் 54ஆம் படைப்பிரிவு. கறுப்பின வீரர்களைக் கொண்ட படை அது. தாக்கச் சென்ற 600 பேரில் 270க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர், காயமுற்றனர், அல்லது பிடிபட்டனர். அவர்களைத் தலைமையேற்று நடத்திய வெள்ளையர் ராபர்ட் கோல்ட் ஷாவும் அங்கேயே வீழ்ந்தார். அந்த வீரர்களுக்கு அரசு என்ன ஊதியம் தந்தது? வெள்ளை வீரனுக்கு மாதம் 13 டாலர், உடைக்கான படி தனி. கறுப்பு வீரனுக்கு 10 டாலர், அதிலும் உடைக்காக 3 டாலர் பிடித்தம், மிஞ்சியது ஏழு. 54ஆம் படையினர் அதை வாங்க மறுத்தனர். போர் செய்ய மறுக்கவில்லை. ஊதியம் பெற மறுத்தனர். குறைவுபடும் தொகையைத் தானே ஈடுசெய்வதாக மாசசூசெட்சு மாநிலம் முன்வந்தபோது அதையும் மறுத்தனர். தாங்கள் கேட்பது பணம் அன்று, தங்களையும் வீரர் என்று நாடு ஒப்புக்கொள்வது என்றனர். ஏறத்தாழ பதினெட்டு மாதம் ஒரு காசும் பெறாமல் அவர்கள் போரிட, ஊரில் அவர்தம் மனைவியரும் மக்களும் வறுமையில் வாடினர்.

எல்லாரும் அவ்வாறு பொறுக்க முடிந்ததா? முடியவில்லை. அடிமைத்தளையிலிருந்து மீண்டு தென் கரோலினாவில் படையில் சேர்ந்த சார்ஜண்ட் வில்லியம் வாக்கர், 1863 நவம்பரில் தம் அணியினரோடு சென்று தளபதியின் கூடாரத்தின்முன் துப்பாக்கிகளை அடுக்கி வைத்தார். சேரும்போது வாக்களித்த ஊதியம் கிடைக்கும் வரை பணி இல்லை என்றார். அது கிளர்ச்சி என்று இராணுவ மன்றம் தீர்த்தது. 1864 பிப்ரவரி 29 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சம ஊதியச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது அந்த ஜூனில். நான்கு மாதம் கூட இல்லை. அந்தச் சட்டத்திலும் ஒரு முள் இருந்தது: போர் தொடங்கிய ஏப்ரலில் சுதந்திர மனிதராக இருந்தவருக்கே சேர்ந்த நாள் முதலான நிலுவை உண்டு. 54ஆம் படையின் தலைவராக இருந்த ஹாலோவெல் ஒரு வழி கண்டார். அந்நாளில் எவருக்கும் கூலியில்லா உழைப்புக் கடன் தாங்கள் பட்டிருக்கவில்லை என்று வீரர்கள் ஆணையிட்டால் போதும் என்றார். சட்டத்தின் கண்ணில் அடிமையாய் இருந்தவர்களும் தயங்காமல் ஆணையிட்டனர். அறத்தின்படி அவர்கள் எவருக்கும் எதுவும் கடன்பட்டதில்லை அல்லவா?

அதே படைப்பிரிவில் தம் இரு மைந்தரைச் சேர்த்தவர் பிரெடெரிக் டக்ளஸ். அடிமையாய்ப் பிறந்து, தப்பி, எழுத்தாலும் நாவன்மையாலும் அந்நூற்றாண்டின் பெரும் மனிதருள் ஒருவராக உயர்ந்தவர். படைக்கு ஆள் திரட்டி ஊர் ஊராகப் பேசிய அவர், ஊதிய அநீதி கண்டு அப்பணியை நிறுத்திவிட்டு 1863 ஆகஸ்டில் நேரே லிங்கனிடம் சென்று முறையிட்டார். கறுப்பர் படையில் சேர்வதையே வெறுக்கும் மக்கள் பலர் இருக்க, குறைந்த ஊதியம் என்பது அவர்களைச் சமாதானப்படுத்தக் கொடுத்த விலை. நாளடைவில் சமமாகும் என்பது லிங்கன் கூறிய விடை. டக்ளஸுக்கு நிறைவில்லை. ஆனால் பேசியவரின் நேர்மையில் அவருக்கு ஐயம் எழவில்லை.

ஓராண்டு கழித்து லிங்கனே அவரை அழைத்தார். அது 1864 ஆகஸ்டு 19, அந்த மடித்த தாளுக்கு நான்கு நாள் முன்பு. அடிமை ஒழிப்பை நிபந்தனையாக வைப்பதால்தான் சமாதானம் தடைப்படுகிறது என்று நாடெங்கும் கூச்சல். 'நியூயார்க் டிரிபியூன்' ஆசிரியர் ஹோரேஸ் கிரீலி போன்றவர்களே எப்படியாவது சமாதானம் வேண்டும் என்று மன்றாடிக்கொண்டிருந்தனர். அடிமை ஒழிப்பை விட்டுக்கொடுக்கவும் தாம் இசையக்கூடும் என்று பொருள்படும் கடித வரைவொன்றை லிங்கன் டக்ளஸிடம் காட்டினார். அனுப்பாதீர்கள் என்றார் டக்ளஸ். அது அனுப்பப்படவில்லை. வாக்குரிமை மறுக்கப்பட்ட இனத்தைச் சேர்ந்த ஒருவரின் சொல், தேர்தலில் தோல்வியை எதிர்நோக்கியிருந்த ஒருவரின் கையைத் தடுத்தது. மக்களாட்சியின் வரலாற்றில் அந்த அறையில் கழிந்த நேரத்துக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

கவிஞர் அவையில் வால்ட் விட்மனைப் பேசாமல் இப்பொருளை முடிக்க இயலாது. பாரதியார் தம் கட்டுரையில் விட்மனைப் போற்றி எழுதினார். 'புல்லின் இதழ்கள்' தந்த உந்துதலைப் பிச்சமூர்த்தி தாமே குறித்துள்ளார். தமிழ்ப் புதுக்கவிதையின் ஒரு வேர் அங்கே இருக்கிறது. அந்த விட்மன் 1862 டிசம்பரில், பிரெடெரிக்ஸ்பர்க் போரில் காயமுற்ற தம்பி ஜார்ஜைத் தேடி வர்ஜீனியா சென்றார். தம்பிக்குச் சிறு காயம்தான். ஆனால் மருத்துவமனையாக மாறிய மாளிகையின் வெளியே, ஒரு மரத்தடியில், வெட்டியெறிந்த கைகால்கள் வண்டி நிறையும் அளவுக்குக் குவிந்து கிடந்ததை அவர் கண்டார். அதன்பின் ஊர் திரும்ப மனமில்லை. வாஷிங்டனில் படியெடுக்கும் சிறு வேலையொன்றைத் தேடிக்கொண்டு, எஞ்சிய நேரமெல்லாம் மருத்துவமனைகளில் கழித்தார். அறுநூறு முறைக்கு மேல் சென்றதாகவும் எண்பதினாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரையிலான நோயாளிகளைக் கண்டதாகவும் அவரே பின்னர்க் கணக்கிட்டார். பழம், புகையிலை, எழுதும் தாள் இவற்றைப் பையில் சுமந்து சென்றார். எழுத இயலாதவர்க்குக் கடிதம் எழுதினார். இறந்தவரின் பெற்றோர்க்கும் எழுதினார். இரு தரப்பு வீரர்களுக்கும் பணி செய்தார். விழுப்புண் பட்டவனின் மனையில் வேப்பிலை செருகி, ஐயவி தூவி, நறும்புகை எழுப்பி, காஞ்சி பாடிக் காக்கும் மகளிரைப் புறநானூறு காட்டும். விட்மன் செய்ததும் அதுவே. பரணிக்குரிய போர்க்களத்தில் நின்று காஞ்சியைப் பாடியவர் அவர். 1865இல் வெளிவந்த அவருடைய போர்க் கவிதைத் தொகுதியில் மனத்தில் நிற்பவை வெற்றி முழக்கங்கள் அல்ல, கட்டுப்போடும் கைகள்.

ஆனால் அவருக்கும் பொறுமை ஓரிடத்தில் அற்றுப் போயிற்று. 1864 செப்டம்பர் இறுதியில் ஜார்ஜ் பகைவரிடம் சிறைப்பட்டார். அக்காலத்தில் சிறைக்கைதிகளின் பரிமாற்றம் நின்று போயிருந்தது. பிடிபட்ட கறுப்பின வீரர்களைப் போர்க்கைதிகளாக ஏற்கத் தென்புலம் மறுத்தது. அவர்களையும் சமமாகப் பரிமாறினாலன்றி எவரையும் பரிமாறுவதில்லை என்று வடபுலம் நின்றது. திருப்பி அனுப்பப்படும் வீரர் மீண்டும் படையில் சேர்வர், அது எதிரிக்கே ஆதாயம் என்ற இராணுவக் கணக்கும் அதில் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. விளைவு, ஆண்டர்சன்வில் போன்ற சிறைகளில் பசியும் நோயும். அந்த ஒரு சிறையில் அடைபட்ட 45,000 பேரில் ஏறத்தாழ 13,000 பேர் மாண்டனர். 1864 டிசம்பரில் விட்மன் 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் அரசின் இந்தக் கொள்கையைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். ஒரு பக்கம் பட்டினியில் வாடும் தம்பி. மறுபக்கம் கறுப்பனின் உயிரும் ஓர் உயிர் என்னும் கொள்கை. தம்பியின் பக்கம் நின்ற கவிஞரைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆயினும் கொள்கையின் பக்கம் நின்றிராவிட்டால், வாக்னர் கோட்டையில் பிடிபட்டவர்களுக்கு நாடு என்ன விடை சொல்லியிருக்கும்? இந்த வழக்கில் இரு தரப்பும் உண்மை பேசின. 1865 தொடக்கத்தில் தென்புலம் இறங்கி வந்தது. பிப்ரவரியில் ஜார்ஜ் உயிரோடு மீண்டார். ஆயிரக்கணக்கானோர் மீளவில்லை.

தேர்தலுக்குத் திரும்பினால், முடிவை மாற்றியது பெரிதும் செப்டம்பர் 2ஆம் நாள் ஷெர்மன் அட்லாண்டாவைக் கைப்பற்றியதே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கொள்கைப் பற்று மட்டுமே வென்றது என்பது காவியமாகுமே தவிர வரலாறாகாது. ஆனால் வியப்புக்குரியது வீரர்களின் வாக்கு. 19 மாநிலங்கள் தம் வீரர்கள் போர்முனையிலேயே வாக்களிக்கச் சட்டம் செய்திருந்தன. எதிர்த்து நின்றவர் மெக்கிளெல்லன். அவ்வீரர்களுள் பலர் நேசித்த பழைய தளபதி. அவருடைய கட்சியின் அறிக்கை போரை நிறுத்துவதாக வாக்களித்தது. அதாவது, அவருக்கு இடும் வாக்கு வீடு திரும்புவதற்கான வாக்கு. கட்சிகள் அச்சிட்ட சீட்டுகளையே பெட்டியில் இடும் காலம் அது; மறைவு என்பது இல்லை; நியூயார்க் வீரர்களின் வாக்குகளில் மோசடி செய்த முகவர்கள் கைதானதும் உண்டு. எல்லாக் குறையும் கழித்துப் பார்த்தாலும், தனியே எண்ணப்பட்ட வீரர் வாக்குகளில் நூற்றுக்கு எழுபத்தெட்டு அளவுக்கு லிங்கனுக்கு விழுந்தது. போர் நீடித்தால் முதலில் சாகப் போகிறவர்கள் தாமே என்று அறிந்தவர்கள் இட்ட வாக்குகள் அவை. தேர்வாளர் குழுவில் 212க்கு 21 என்று முடிந்தது. முந்தைய ஜூனில் கீழவையில் தோற்ற அடிமை ஒழிப்புச் சட்டத்திருத்தம், 1865 ஜனவரி 31இல் 119க்கு 56 என்று நிறைவேறியது.

அதன்பின் நடந்தவை தெரிந்தவையே. 1865 ஏப்ரல் 11ஆம் நாள், கறுப்பின வீரர்களுக்கேனும் வாக்குரிமை தரலாம் என்று லிங்கன் பேசினார்; கேட்டு நின்ற கூட்டத்தில் இருந்தவன் மூன்று நாள் கழித்து அவரைச் சுட்டான். 1870இல் பதினைந்தாம் திருத்தம் நிறம் காரணமாக வாக்குரிமையை மறுக்கலாகாது என்றது. 1877க்குப் பின் தென்மாநிலங்கள் அதை மெல்ல மெல்லச் செல்லாக் காசாக்கின. 1965இல் புதுச் சட்டம் வரும்வரை, வாக்னர் கோட்டையில் இரத்தம் சிந்தியவர்களின் பேரப்பிள்ளைகளிடமும் அவர்தம் பிள்ளைகளிடமும் பொறுங்கள் என்றே சொல்லப்பட்டது. பொறுமை யாரிடம் கேட்கப்படுகிறது, யார் கேட்கிறார்கள் என்று பார்க்காமல் பொறுமையைப் புகழ்வது எளிது. மார்ட்டின் லூதர் கிங் 1964இல் தம் நூலுக்கு, ஏன் இனியும் காத்திருக்க இயலாது என்று பொருள்படும் பெயரை இட்டதில் வியப்பில்லை.

விட்மனும் இந்தத் தேர்வில் முழுமையாகத் தேறினார் என்று சொல்ல இயலாது. கறுப்பர் வாக்குரிமை குறித்து அவருக்குத் தயக்கம் இருந்தது. தம்மை உயிரினும் மேலாகப் போற்றிய நண்பர் ஓ'கானருடன் 1872இல் அதுபற்றி எழுந்த வாக்குவாதம் நட்பையே முறித்தது. இருவரும் பல்லாண்டு பேசாதிருந்தனர். மக்களாட்சியின் கவிஞர் என்று உலகம் போற்றும் ஒருவரைப் படிப்போர் இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

டக்ளஸ் ஓயவில்லை. வாக்குரிமை கறுப்பு ஆடவரோடு நிற்கலாகாது, பெண்களுக்கும் வேண்டும் என்பதை அவர் 1848 முதலே ஆதரித்து வந்தவர். 1895 பிப்ரவரி 20ஆம் நாள் வாஷிங்டனில் நடந்த பெண்கள் மன்றக் கூட்டமொன்றில் கலந்துகொண்டு வீடு திரும்பினார். அன்று மாலை, கூட்டத்தில் நிகழ்ந்தவற்றை மனைவியிடம் விவரித்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்து உயிர் நீத்தார். அந்த அவையில் இருந்த பெண்களின் நாட்டில், எல்லா மாநிலங்களிலும் பெண்கள் வாக்களிக்க வழி திறந்தது 1920இல்.